திருமலையில் (திருகோணமலையில்) சுற்றுலா வான் நிற்காத இடங்கள்: சாப்பிடவும் ஊர் பார்க்கவும் ஒரு முழு வழிகாட்டி

கொழும்பிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் திருகோணமலைக்கு வருகிற சுற்றுலா வான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. காலையில் கோணேசர் கோவில், பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மத்தியானம் நிலாவெளிக் கடலில் ஒரு குளிப்பு, நேரம் இருந்தால் புறாத்தீவு, இருட்டுகிற நேரம் திரும்பி வீட்டுக்கு. அப்படி வந்துபோன என் சொந்தக்காரர் பலர் "பார்க்க நாலு இடம்தான், சாப்பாடும் பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்லும்போது எனக்கு மனம் பொறுக்காது. பிறந்து வளர்ந்த ஊர். அதனால் யார் வந்தாலும் நானே கூட்டிக்கொண்டு சுற்றுவேன். அப்படிச் சுற்றிச் சுற்றிப் பழகிய வழியைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கடைப் பெயர் எதுவும் தரப் போவதில்லை, ஏனென்றால் இன்றைக்கு நன்றாக இருக்கிற கடை அடுத்த வருடம் கைமாறியிருக்கும். தேடுகிற முறை தெரிந்தால் அது உங்களோடு இருக்கும்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள்

இந்த ஊரில் நல்ல விஷயம் எல்லாம் குறித்த மணிக்கு வந்து குறித்த மணிக்கு முடிந்துவிடும். விடிய ஐந்தரைக்கு இருக்கிற இடியப்பம் எட்டரைக்கு இல்லை. ஏழு மணிக்குத் துள்ளுகிற மீன் பத்து மணிக்கு ஐஸுக்குள் போய்விடும். மத்தியானச் சோறு இரண்டு மணி தாண்டினால் கறிச் சட்டி அடியில்தான். வடை பின்னேரம் நாலரைக்குப் பிறகு. பத்து மணிக்கு வந்து இறங்கி ஐந்து மணிக்குப் புறப்படுகிறவர்களுக்கு இதில் பாதி கண்ணிலேயே படாது. ஆகவே குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், அதில் ஓர் இரவாவது உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் இல்லாமல் நகரத்துக்குள்ளேயே தங்குங்கள். டைக் வீதி, என்.சி. வீதி, உட்துறைமுக வீதிப் பக்கம் சின்ன விடுதிகளும் வீட்டு அறைகளும் கிடைக்கும்.

மாதமும் முக்கியம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதி. நடுவில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களில் வெயில் உடம்பைச் சுட்டெடுக்கும், அதனால் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நிழலில் இருப்பதாகவே திட்டம் போடுங்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். கடலில் இறங்குவதற்கு அது காலமில்லை, ஆனால் ஊர் பச்சையாக இருக்கும், குளங்கள் நிரம்பியிருக்கும், அதுவும் ஓர் அழகுதான்.

முதல் நாள் விடியல்

திருமலை நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். இரண்டுக்கும் இடையில் நடந்தே போகலாம். அதனால் காலையில் டச்சுக் குடாக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புவதையும், அதே நாள் பின்னேரம் உட்துறைமுக வீதியில் நின்று துறைமுகத்துக்கு அப்பாலுள்ள மேடுகளுக்குப் பின்னால் அது இறங்குவதையும் பார்க்கலாம். வாகனம் தேவையில்லை.

விடிய டச்சுக் குடாவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீட்டு ஒழுங்கைகளுக்குள் நுழையுங்கள். மதில்களிலும் படலைகளிலும் கையால் எழுதிய மட்டைகள் தொங்கும்: "இடியப்பம் கிடைக்கும்", "அப்பம், புட்டு ஓடருக்கு". இந்த மட்டைகள்தான் உங்களுக்கு உண்மையான வரைபடம். கூகுள் மேப்பில் இவை வராது. உள்ளே ஓர் அம்மாவோ அக்காவோ விடிய மூன்று மணிக்கு எழும்பி அவித்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் பக்கத்து வீடுகளும் கடைகளும் முதல் நாளே சொல்லிவைத்து எடுப்பார்கள், ஆகவே நீங்களும் முதல் நாள் பின்னேரமே படலையில் நின்று "அக்கா, நாளைக்கு விடிய ஒரு இருபது இடியப்பம் வேணும், சொதியும் சம்பலும் தருவீங்களா?" என்று கேட்டுவையுங்கள். சூடான சிவப்பரிசி இடியப்பத்தில் மஞ்சள் சொதியை ஊற்றி, உறைப்பான தேங்காய்ச் சம்பலோடு பிசைந்து, வாழையிலைத் துண்டில் வைத்துக் கடற்கரைக் கல்லில் இருந்து சாப்பிட்டுப் பாருங்கள். ஹோட்டல் பஃபேயில் இந்தச் சுவை வராது, அங்கே இடியப்பம் ஆறி ஒரு மணி நேரமாகியிருக்கும்.

அது முடிந்ததும் மீன். திருக்கடலூர்ப் பக்கம் படகுகள் கரைக்கு வருகிற நேரம் போனால் பாரை, அறுக்குளா, சூடை, கணவாய், நண்டு எல்லாம் கூடையில் கிடக்கும். வாங்கவேண்டும் என்று இல்லை, பார்க்கலாம், கதைக்கலாம். ஆனால் வீட்டு அறையில் தங்கியிருந்தால் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். சமைத்துத் தருவீர்களா, எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் போதும். நான் கூட்டிவந்தவர்களில் பெரும்பாலானோர் கடைசியில் நினைவாகச் சொல்வது அந்தச் சூடைமீன் பொரியலைத்தான்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

ஓட்டோ அண்ணையிடம் "நல்ல சாப்பாட்டுக் கடை எங்கே?" என்று கேட்டால் அவர் உங்கள் பையையும் செருப்பையும் பார்ப்பார், பிறகு ஏசி போட்ட இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அது அவர் உங்களுக்குத் தருகிற மரியாதை, குறை சொல்ல ஏதுமில்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்:

"அண்ணை, நீங்க இண்டைக்கு விடிய எங்க சாப்பிட்டீங்க?"

கேட்டதும் ஒரு கணம் யோசிப்பார், பிறகு முகம் மாறும். "அது சின்னக் கடை, உங்களுக்குச் சரிவராது" என்பார். "பரவாயில்லை, அங்கேயே விடுங்கோ" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் புகை படிந்த குசினி. நான் இப்படித்தான் நல்ல ரொட்டிக் கடை ஒன்றையும், குத்தரிசிச் சோற்றுக்குச் சுறா வறை வைக்கிற இடம் ஒன்றையும் பிடித்தேன். இதே கேள்வியைப் பஸ் நிலையத்தில் நடத்துநரிடம், சந்தையில் மரக்கறி விற்கிற அம்மாவிடம், வங்கிக் காவலாளியிடம் கேட்கலாம். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் யோசிக்காமல் போங்கள்.

மத்தியானத்துக்கு வேறு வழியும் உண்டு. பன்னிரண்டு மணிக்கு முன்னர் அலுவலகங்கள் இருக்கும் வீதிகளில் றெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியோடு சைக்கிளிலோ ஓட்டோவிலோ சோற்றுப் பார்சல் கொண்டுவருவார்கள். யாரிடம் வரிசை நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே ஆளிடம் வாங்குகிற எழுதுவினைஞர்கள் தப்புச் சோறு சாப்பிடமாட்டார்கள்.

கிழமையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் மூடியிருக்கும், அதே நேரம் சைவக் கடைகளில் கூட்டம் தள்ளும். போயா (முழுநிலா) நாளில் இறைச்சிக் கடை திறக்காது. நோன்பு மாதத்தில் பகலில் அலைவதை விட்டுவிட்டு, பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன் போனால் கஞ்சியும் பலகாரமும் வீதி முழுக்க மணக்கும்.

ஒரு எச்சரிக்கை. கடற்கரையோரம் மீனை ஐஸ் தட்டில் பரப்பிக் காட்டுகிற இடங்களில் நிறுத்து விலை சொல்லச் சொல்லுங்கள், சமைக்கிற கூலி அதற்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். ஒருமுறை நான் விருந்தாளிகள் முன்னால் விலை கேட்கக் கூச்சப்பட்டு ஒரு பெரிய விளைமீனைக் கைகாட்டிவிட்டேன், பில் வந்தபோது அந்த மாதச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு போய்விட்டது. கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

கோட்டைக்குள் எல்லோரும் தாண்டிப்போகிற கல்

கோணேசர் கோவிலுக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். கட்டாயம் போங்கள். ஆனால் மெதுவாகப் போங்கள். வான் நேரே மேலே கொண்டுபோய் விடும். கோவில் கோட்டைக்குள் மலைமேல் இருக்கிறது, நீங்கள் கோட்டை வாசலிலேயே இறங்கி நடங்கள்.

பிரெட்ரிக் கோட்டை வாசலின் கல் நிலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் தெரியும். "முன்னே குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே" என்று எங்கள் ஊர்ச் சனம் வழிவழியாகச் சொல்லிவரும் பாட்டோடு சேர்ந்த கல்வெட்டு அது. குளக்கோட்டன் பழைய கோவிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். 1622 இல் போர்த்துக்கேயர் பழைய கோவிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டே இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். அதாவது நீங்கள் நுழைகிற வாசலிலேயே பழைய கோவிலின் கதை இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதன் அருகால் நாளாந்தம் போகிறார்கள், திரும்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அந்தக் கோவிலின் பழைய வெண்கலத் திருவுருவங்கள் சில 1950 இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. இப்போதுள்ள கோவிலின் குடமுழுக்கு 1963 இல். இதைத் தெரிந்துகொண்டு மேலே ஏறினால் சந்நிதியில் நிற்கும்போது மனதில் வேறு ஒன்று நிறையும்.

வழியில் புள்ளிமான்கள் நிற்கும். கோட்டைக்குள் மட்டும் இல்லை, நகர மைதானத்திலும் வீதியோரத்திலும் நிற்கும். அவை பொலித்தீன் பையைச் சாப்பாடு என்று தின்றுவிடுகின்றன. தயவுசெய்து பழத்தோலைக்கூடப் பையோடு எறியாதீர்கள், குழந்தைகளுக்கும் சொல்லுங்கள். கோட்டை இன்னும் இராணுவம் இருக்கிற இடம், அதனால் முகாம் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம்.

மேலே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் நின்று கடலைக் கொஞ்ச நேரம் பாருங்கள். திருமலைக்கு அருகிலேயே கடல் சடுதியாக ஆழமாகிறது. அமைதியான மாதங்களில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்த்தூவல் இந்த மலையிலிருந்தே தெரிந்த நாட்கள் உண்டு. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் பழைய சேமக்காலைக்குப் போகலாம். நகரத்துக்குள்ளேயே, வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகள் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கும் இடம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் ஆஸ்டின், கடற்படை அதிகாரி, 1852 இல் பர்மாவில் நோயில் இறந்து இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கடற்படை வரலாற்றில் ஆர்வம் இருந்தால் டொக்யார்ட் வீதியில் பழைய டச்சுக் கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்துக்கு நல்ல ஒதுக்கிடம்.

பின்னேரம் உட்துறைமுக வீதி அல்லது உவர்மலை. உவர்மலையில் ஏறினால் துறைமுகம் ஒரு குளம்போல விரிந்து கிடக்கும். இருட்டியதும் டச்சுக் குடாவுக்கு இறங்குங்கள்: இறால் வடை, கடலை வடை, அவித்த சோளம், சுண்டல், கச்சான் (வேர்க்கடலை). வடையில் ஒரு சின்ன விஷயம், கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருப்பதை எடுக்காமல் எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற வண்டிலைத் தேடி, இரண்டு நிமிடம் நின்று வாங்குங்கள். அப்புறம் கொத்து ரொட்டித் தகடு அடிக்கிற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போகலாம்.

கிண்ணியா: தயிருக்காக ஒரு நாள்

இதற்குப் பஸ்ஸில் போங்கள். சீனக்குடா வழியாக ஏறக்குறைய 20 கிலோமீற்றர். முன்பு இந்தப் பயணத்தில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடக்கவேண்டும். 2009 இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தபிறகுதான் கரை இரண்டும் ஒன்றானது. பாலத்தின் நடுவில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் பாருங்கள், ஒரு பக்கம் கொட்டியாரக்குடா, மறுபக்கம் தம்பலகாமம் வரை போகிற களப்பு.

கிண்ணியாவின் எருமைத் தயிர் பேர் போனது. வீதியோரக் கடைகளில் மண்சட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேப்பர் மூடிக் கட்டி இருக்கும். எல்லாமே நல்லது என்று எண்ணி முதலாவதை எடுக்காதீர்கள். நான் பழகியது இப்படி:

"நானா, இது எப்ப உறை ஊத்தினது?"

"நேத்து அந்தி. சரிச்சுப் பாருங்க."

சட்டியைப் பேப்பரை விலக்கிச் சரித்துப் பாருங்கள். நல்ல தயிர் அசையாது. ஓரத்தில் தண்ணீர் பிரிந்து ஓடினால் அது பழசு, அல்லது பாலில் தண்ணீர். மேலே ஆடை மஞ்சள் கலந்த வெள்ளையில் சுருக்கமாகப் படிந்திருக்கவேண்டும். கரண்டியால் வெட்டினால் வெட்டிய இடம் கல்லில் வெட்டியதுபோல நிற்கும். தயிரில் ஊற்றிச் சாப்பிடும் கித்துள் (கூந்தற்பனை) பாணி இங்கே விளைகிற பொருள் இல்லை, மலைநாட்டிலிருந்து வருவது, போத்தலில் சீனிப்பாணியும் கலந்து விற்பார்கள். நம்பிக்கையான பாணி கிடைக்காவிட்டால் சர்க்கரைக் கட்டியைச் சுரண்டிப் போட்டுச் சாப்பிடுங்கள், அதுவும் நன்றாகவே இருக்கும்.

திரும்பும்போது தம்பலகாமம் பக்கம் போங்கள். பழைய கோணேசர் கோவில் இடிந்த காலத்தோடு கதை தொடர்புபட்ட ஆதிகோணநாயகர் கோவில் வயல்களுக்கு நடுவே அமைதியாக இருக்கிறது. கோணேசர் மலையில் ஒரு நிமிடம் நிற்க இடம் கிடைக்காதவர்களுக்கு இங்கே ஒரு மணி நேரம் இருக்கலாம்.

நேரம் மிஞ்சினால் மூதூர். 1660 இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கொட்டியாரக் கரையில்தான், பிறகு ஏறக்குறைய 20 வருடம் அவர் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்தார்.

வடக்கே போகிற வீதி

நிலாவெளி வீதியில் வான் வேகமாகக் கடந்துபோகிற இடங்களில் முதலில் வருவது, இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களின் மயானம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கின. வரிசையாக நிற்கும் கற்களில் பெயரையும் வயதையும் வாசித்துக்கொண்டு நடந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு நின்றுவிடும்.

அடுத்தது சாம்பல்தீவு தாண்டிச் சல்லி. கடற்கரையிலேயே அம்மன் கோவில். காலை நேரம் போனால் இந்தப் பக்கம் எங்காவது கரைவலை இழுப்பதைக் காணலாம். இதை ஒருமுறையாவது முழுதாகப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் நீளக் கயிறு, ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில் இடுப்பில் பட்டியைக் கொளுவிப் பின்பக்கமாக ஓரடி ஓரடியாக நடப்பார்கள், கடைசியில் நிற்கிறவர் கயிற்றைச் சுருட்டிவிட்டு மறுபடி தண்ணீர் ஓரம் போய்ப் பிடிப்பார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று காகங்கள் கூடும், சத்தம் உயரும், வலையின் மடி கரைக்கு ஏறும், உள்ளே நெத்தலி வெள்ளித் தகடுபோலத் துடிக்கும். நீங்களும் போய்க் கயிற்றைப் பிடிக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. ஆனால் கயிறு இழுபடும்போது குறுக்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

இன்னும் வடக்கே இறக்கக்கண்டிக் களப்பு, குச்சவெளி, 40 கிலோமீற்றருக்கு மேல் போனால் திரியாய். திரியாயில் குன்றின்மேல் பழைய பௌத்த வட்டக்கோவில் ஒன்று, கீழே பல்லவ கிரந்த எழுத்தில் பாறைக் கல்வெட்டு. மேலே நின்றால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல். புல்மோட்டையில் அரிசிமலைக் கடற்கரை, மணலைக் கையில் அள்ளினால் உண்மையாகவே அரிசிக் குறுணல்போல இருக்கும். பஸ்ஸில் இந்த இரண்டையும் ஒரே நாளில் முடிப்பது கஷ்டம், ஓட்டோ பேசிக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். கடலில் இறங்குமுன் அங்கே நிற்கிற மீனவர் ஒருவரிடம் "இதில் குளிக்கலாமா?" என்று கேளுங்கள். இந்தக் கரை அமைதியாகத் தெரியும், சில இடங்களில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும்.

கன்னியாவும் அதற்கு அப்பாலும்

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் வேறு. தாயின் ஈமக் கடனுக்காக இராவணன் உண்டாக்கியது என்பது கதை. எங்கள் ஊரில் இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிற வழக்கம் உண்டு. என் அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு நாங்கள் அங்கே போனபோது பக்கத்தில் ஒரு குழு சிரித்து வாளியால் நீர் அடித்து விளையாடிக்கொண்டிருந்தது, என் அம்மா ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அதனால் கேட்கிறேன், யாராவது வெள்ளை வேட்டியோடு நின்றால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். விடிய ஆறரைக்குப் போனால் கிணற்றடியில் கூட்டம் இருக்காது.

கன்னியாவோடு திரும்பிவிடாமல் பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரைக்குப் போங்கள். திருமலையில் நான் மிக விரும்புகிற இடம் இது. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி, தமிழர் கொடுத்த தானங்களைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்தன. ஊர்ச் சனம் நாதனார் கோவில் என்பார்கள். மரநிழலில் கல்தூண்கள், இடிந்த செங்கற் சுவர், குருவிச் சத்தம். தமிழ் பேசிய பௌத்தர்கள் விளக்கேற்ற நெய்க்குப் பசு கொடுத்த நிலத்தில் நிற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகவே வரும்.

ஆடி மாதத்தை ஒட்டி வந்தால் திரும்புகிற வழியில் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சளாய், சின்னதாய், உதடு ஒட்டுகிற பால். முதல் தடவை சாப்பிடுகிறவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கை நீட்டுவார்கள்.

போகும்போது

தயிரைக் கடைசி நாளில் வாங்குங்கள். இரவு பஸ் அல்லது ரயில் என்றால் இரட்டைப் பேப்பர் போட்டு நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டித் தரச் சொல்லுங்கள், மேல் தட்டில் வைக்காமல் கால்களுக்கு இடையில் நேராக வைத்துக்கொள்ளுங்கள், வளைவுகளில் கையால் பிடியுங்கள். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். சட்டியை எறியவேண்டாம், கழுவி ஒருநாள் வெயிலில் காயவிட்டால் அதில் மீன் குழம்பு வைக்கலாம்.